மஹய்யாவ வாசிகளானோம்

வெள்ளவத்தையிலே இருபது ஆண்டுகள் கடலோசையில் உறங்கிப் பழகியவர் நாம். கண்டிக்கு மாற்றம் என்ற கடிதம் வந்த அன்று, "இஞ்சருங்கோ, அந்தச் சின்ன ஊரிலே முருங்கைக்காயாவது கிடைக்குமோ?" என்றாள் எமது இல்லாள். இவ்வூரின் சிங்களப் பெயராகிய மஹநுவர என்பதற்குப் பெருநகர் என்பதே பொருள். கோட்டையிலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ 120 கிலோமீற்றர் வந்த பின்னரே, பெருமையும் சிறுமையும் பார்ப்பவர் கண்ணிலே உள்ளன என்று அறிந்தோம்.

முதல் மாதம் வீட்டிலே மழையைத் தவிர வேறு பேச்சில்லை. துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயாது. மாலை வேளைகளில் ஏரிக்கரையில் உலாவுவோம். அதைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டியின் கடைசி மன்னன். தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கர் வழியினர் 1739 முதல் 1815 வரை இங்கு அரசாண்டனர். அவர்களும் வெளியூரார்தாமே என்பது எமக்குச் சிறிது ஆறுதல்.

வீடு கிடைத்தது மஹய்யாவவில். 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மாத்தளைப் புகையிரதப் பாதை இவ்வழியே செல்கிறது. பொது மயானமும் இங்கேதான். நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளரின் குடியிருப்பும் இங்கேயே உண்டு. ஆங்கிலேயர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். பெரஹெராவின் யானைகளைக் காண உலகமே வருகிறது. மறுநாட் காலையில் அவ்வீதிகளைக் கூட்டும் கைகளைக் காண யார் வருகின்றார்?

"விலாசத்தில் ஊர்ப்பெயர் வேண்டாம், கட்டுகஸ்தோட்டை வீதி என்று மட்டும் எழுதுங்கள்" என்று நண்பர் ஒருவர் புத்தி கூறினார். நாமும் அவ்வண்ணமே எழுதி வந்தோம். ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எமக்குத் தெரியாததுமன்று.

ஒரு நாள், அக்குடியிருப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க நற்சான்றிதழ் கேட்டு வந்தான். அவன் நீட்டிய தாளில் வேறோர் ஊரிலுள்ள அத்தையின் விலாசம் இருந்தது.

"தம்பி, உமது வீடு இங்கேதானே?"

"மஹய்யாவ என்று போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள், சேர்."

அது கோழைத்தனம் என்று சொல்ல வாயெடுத்தோம். அவன் தலைகுனிந்தபடியே, "சேரும் கட்டுகஸ்தோட்டை வீதி என்றுதானே எழுதுகிறீர்கள்" என்றான். குரலில் குறும்பு இல்லை. ஆதலால் அதிகம் சுட்டது.

சான்றிதழில் அவன் விரும்பிய விலாசத்தையே எழுதிக் கொடுத்தோம். வேலை வேண்டியவன் அவன். அவன் செலவில் நாம் வீரம் பேசலாகாது. ஆனால் அன்றிரவு கொழும்பிலுள்ள தமையனாருக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பிலே, மஹய்யாவ, கண்டி என்று முதன்முறையாக எழுதினோம்.

"வீடு மாறிவிட்டீர்களா?" என்று அண்ணர் பதிலில் கேட்டிருந்தார். இல்லை, அதே வீடுதான், அடுத்த பெரஹெராவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுதியுள்ளோம். முருங்கைக்காயும் தாராளமாகக் கிடைக்கிறது என்று இல்லாள் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தாள்.