ஆகாயத்தில் ஒரு நந்தவனம்

வீட்டு வாசலிலேயே கூட்ஸ் வண்டி ஓடினால் எப்படி இருக்கும்? "கோலம் போடக்கூட முடியாதே!" என்பீர்கள். நியூயார்க் நகரில் பத்தாவது அவென்யூவாசிகள் அப்படித்தான் காலம் தள்ளினார்கள். வண்டியில் அடிபட்டுச் செத்தவர்கள் ஏராளம். அதனால் 'மரணத் தெரு' என்றே அதற்குப் பெயர். வண்டிக்கு முன்னால் ஒருவர் குதிரைமீது ஏறிக்கொண்டு, சிவப்புக் கொடியை ஆட்டியபடி போவாராம்!

1934-இல் ரயிலை முப்பது அடி உயரத்துக்குத் தூக்கி, இரும்புப் பாலத்தின் மேல் ஓட விட்டார்கள். தொழிற்சாலைகளின் மாடிக்குள்ளேயே வண்டி புகுந்து புறப்படும். பாலும் இறைச்சியும் நேராக உள்ளே இறங்கும். பிறகு லாரிகள் பெருகின. 1980-இல் கடைசி வண்டி போயிற்று. அதில் பிரயாணம் செய்தவை உறைய வைத்த வான்கோழிகள் என்று சொல்வார்கள்.

அப்புறம் பாலத்தைக் கவனிப்பாரில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே, யாரும் விதைக்காமலே, புல்லும் பூவும் மண்டின. கீழே நிலம் வைத்திருந்தவர்களோ, "இடித்துத் தள்ளுங்கள்" என்றார்கள்.

1999-இல் இதுபற்றிப் பேசக் கூடிய பேட்டைக் கூட்டம் ஒன்றில், ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் முதன்முதலாகச் சந்தித்தார்கள். இருவரும் கட்டடக் கலைஞர்கள் அல்லர். ஆனாலும் பாலத்தைக் காப்பாற்றச் சங்கம் அமைத்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2003-இல், "இதை என்ன செய்யலாம்?" என்று யோசனை கேட்டார்கள். 36 நாடுகளிலிருந்து 720 பதில்கள் வந்து குவிந்தன! பாதை நெடுக நீச்சல் குளம் வெட்டலாம் என்றுகூட ஒரு யோசனை. நல்ல வேளை, வெட்டவில்லை. தானாக முளைத்திருந்த காட்டுச் செடிகளின் அழகையே பின்பற்றிப் பூங்கா போட்டார்கள். 2009-இல் முதல் பகுதி திறந்தது. இன்று ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் தூரம் தெருவுக்கு மேலே காலாற நடக்கலாம். பழைய தண்டவாளங்களும் செடிகளுக்கிடையே எட்டிப் பார்க்கின்றன.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? பூங்காவின் பக்கத்திலேயே சாமானியக் குடும்பங்கள் வாழும் அரசாங்கக் குடியிருப்புகள் இரண்டு இருக்கின்றன. உலகமெல்லாம் அந்தப் பூங்காவைப் பார்க்க வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அதிகம் வரவில்லை! தங்களுக்காகக் கட்டியதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. சுற்றிலும் ஆடம்பர அடுக்கு மாளிகைகள் எழுந்து, நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது.

ஹாமண்டே 2017-இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று ஜனங்களைக் கேட்டார்களாம். உங்களுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லையாம்! இது நமக்குப் புதிதா? புடவைக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று மருமகளைக் கேட்கிறோம். அவளுக்கு வேண்டியது புடவைதானா என்று கேட்கிறோமா?

பூங்கா திறந்த பிற்பாடு சங்கத்தார் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்கள். கிடைத்த பதிலில் பூவும் இல்லை, பெஞ்சும் இல்லை. வேலை வேண்டும், கட்டுப்படியாகும் செலவில் வாழ வழி வேண்டும் என்பதுதான் பேச்சு. அதன் பிறகு அக்கம்பக்கத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு வேலை பழகும் ஏற்பாடு வந்தது. பூங்காவுக்காகக் கேட்டது முதலில், மனிதர்களுக்காகக் கேட்டது அப்புறம். வாடகை ஏறி வெளியேறியவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி எட்டவே இல்லை.