யாருக்காக அழுகிறோம்?

2024 தீபாவளிக்கு வெளிவந்த 'அமரன்' திரைப்படம் பலரைக் கண்கலங்க வைத்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வீரத்தையும், அவருடைய கிறிஸ்தவ மனைவி இந்து ரெபேக்காவின் காத்திருப்பையும் சொல்லும் படம் அது. ஆனால், காஷ்மீர் மக்களைத் தவறாகச் சித்திரிப்பதாகச் சில இஸ்லாமிய அமைப்புகள் போராடின. நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு திரையரங்கின்மீது பெட்ரோல் குண்டும் வீசப்பட்டது. வன்முறையை ஏற்க முடியாது. ஆனால் அந்த மனவருத்தத்தைப் புறக்கணிக்கவும் கூடாது.

திரைப்படம் யாருடைய வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறதோ, அவர்களுக்காகவே அழுகிறோம். இந்துவின் வீட்டை அறிந்துகொண்டோம். கல்லெறியும் கூட்டத்தில் நின்ற இளைஞனின் வீட்டை அவ்வளவு அறியவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் இஸ்லாமியரும் நாமும் சேர்ந்தே உழைக்கிறோம். படம் பார்த்த மறுநாள், பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகத்தோடு பார்த்தால் நம் கண்ணீர் வீண்.

நயீன் ஊரில் இயேசு பரிவு கொண்டது, மகனை இழந்த தாயின்மீது (லூக்கா 7:11-17). வீரரின் குடும்பத்திற்காகச் செபிப்போம். அம்மண்ணில் பிள்ளைகளை இழந்த எல்லாத் தாய்மாருக்காகவும் செபிப்போம். "பாய், நீங்க படம் பார்த்தீங்களா? எப்படி இருந்தது?" என்று கேட்போம். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம்.