230 குதிரை இருந்தும் கார் ஏன் நகரவில்லை?

2022 நவம்பர், நல்ல மழை. ஓஎம்ஆரில் ஒரு யூ-டர்ன். பின் சீட்டில் மகள். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, ஆனால் தாராளமாகத் திரும்பிவிடும் தூரம்தான். ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். முன்சக்கரம் வழுக்கிச் சுற்றியது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்கியது, கார் பஸ்ஸுக்குக் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் பிரேக் போட்டார். அவர் திட்டியது முழுக்க நியாயம்.

வண்டி 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், செகண்ட் ஹேண்ட். 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும். இதை வைத்துக்கொண்டு ஒரு யூ-டர்ன் போட முடியலைன்னா எங்கேயோ தப்பு.

முதலில் நான் செய்தது இன்னொரு தப்பு. வேகம் எடுக்கும்போது காரின் மூக்கு தூக்குது, எடை பின்னால் போகுது, அதனால்தான் முன்சக்கரம் வழுக்குது; கடினமான ஸ்பிரிங் போட்டால் எடை போகாது என்று நினைத்தேன். 28,000 ரூபாய்க்கு, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் செட் வாங்கி மாட்டினேன். பார்க்க அட்டகாசம். மேடு பள்ளமான ரோட்டில் சக்கரம் முன்னைவிட அதிகமாக வழுக்கியது.

அப்புறம்தான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ, அதில் சுமார் 60 சதவீதம், அதாவது 900 கிலோ, முன்சக்கரங்கள் மேல். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 மடங்கு வேகமெடுத்தால் எவ்வளவு எடை பின்னால் போகும்? எடை × முடுக்கம் × (எடைமையத்தின் உயரம் ÷ முன்பின் சக்கர இடைவெளி). என் மாதிரி செடானுக்கு அந்தக் கடைசி விகிதம் ஏறக்குறைய 0.2. ஆக 1,500 × 0.3 × 0.2 = 90 கிலோ. இந்தச் சூத்திரத்தில் ஸ்பிரிங் எங்கே இருக்கு? இல்லவே இல்லை. கடினமான ஸ்பிரிங் போட்டால் மூக்கு தூக்குவது கண்ணுக்குக் குறையும், எடை போவது போய்க்கொண்டுதான் இருக்கும். தாழ்த்தினதால் கிடைப்பது சில கிலோதான்.

மிச்சம் 810 கிலோ. ஈர ரோட்டில் உராய்வுக் கெழு 0.6 என்று வைத்தால் டயர் தாங்கக்கூடிய தள்ளுவிசை 486 கிலோ. எஞ்சினோ முதல் கியரில் டார்க்கைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கி, ஆயிரம் கிலோவுக்கு மேல் தள்ளத் தயாராக நிற்கிறது. எஞ்சினில் குறையே இல்லை. தடை ரப்பரில்.

இது நேர் ரோட்டுக் கணக்கு. யூ-டர்னில் இன்னும் மோசம். கார் வெளிப்பக்கம் சாய்கிறது, உள்பக்க முன்சக்கரம் லேசாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான டார்க்தான் கொடுக்கும். லேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதுக்கும். உள்சக்கரத்தில் 300 கிலோதான் நிற்கிறது என்றால் மொத்தத் தள்ளுவிசை 2 × 300 × 0.6 = 360 கிலோ. (சுற்றும் சக்கரத்தை லேசாக பிரேக் பிடித்து மின்னணு இதைக் கொஞ்சம் சமாளிக்கும், கொஞ்சம்தான்.) அது போக, திரும்புவதற்கே டயர் பிடிப்பில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

சரி, டயரைப் பார்ப்போம். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் 2317, அதாவது 2017இன் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷப் பழசு. பள்ளம் 4 மில்லிமீட்டர் இருந்ததால் 'நல்லா இருக்கு' என்றே நினைத்திருந்தேன். சட்டப்படி 1.6 போதும். ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் அசையவில்லை. ஈரத்தில் ரப்பர் ரோட்டோடு ஒட்டும் பிடிப்பு குறைந்துவிடும்; தார் ரோட்டின் சின்னச் சின்ன மேடுகளுக்குள் ரப்பர் அமுங்கி, மெதுவாக மீளும்போது கிடைக்கும் பிடிப்புதான் மிச்சம். இறுகிப்போன ரப்பரால் அது முடியாது. 1990களில் டயர் ரப்பரில் சிலிக்கா சேர்க்க ஆரம்பித்தது ஈரப் பிடிப்பில் பெரிய மாற்றம் கொண்டுவந்ததும் இந்த இடத்தில்தான்.

நாலு டயரையும் மாற்றினேன். வாங்கும்போது டயரில் பொறித்திருக்கும் தேய்மான எண்ணையும் பாருங்க. பொதுவாக எண் கூடினால் டயர் நாள்பட உழைக்கும், பல சமயம் பிடிப்பில் கை வைக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்து, ஈரமான தளத்தில் நேராக பிரேக் பிடித்துச் சோதித்தது. வளைவுக்கு அது சாட்சி இல்லை. இரண்டு டயர்தான் மாற்ற வசதி என்றால், முன்சக்கர இயக்க வண்டியானாலும் புதுசு பின்னால் போகட்டும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழலும்.

அப்போ சஸ்பென்ஷனுக்கு வேலையே இல்லையா? இருக்கு. மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளாமல் உடனே தரையைத் தொடணும். அது ஷாக் அப்சார்பர் வேலை. என்னுடையதில் முன்பக்கம் ஒன்று எண்ணெய் கசிந்திருந்தது. அதன் மேல்தான் கடினமான ஸ்பிரிங்கை ஏற்றியிருந்தேன்! பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, முன்பக்க ஷாக் இரண்டையும் புதுசாக்கினேன்.

பின்பக்கம் கொஞ்சம் தடித்த ஆன்டி-ரோல் பார் போட்டால், சாய்வின் சுமையைப் பின் அச்சு அதிகம் ஏற்கும், உள்பக்க முன்சக்கரம் அவ்வளவு லேசாகாது. யூ-டர்ன் பிரச்சினைக்கு நேரடி மருந்து இதுதான். ஆனால் மழையில் பின்பக்கத்தைச் சீக்கிரம் வழுக்கவும் வைக்கும். மகள் பின்னால் உட்காரும் வண்டி, அதனால் போடவில்லை.

அதே யூ-டர்னில், போன மழையில், விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது, கார் போய்விட்டது. தாழ்த்தும் ஸ்பிரிங் நாலும் பால்கனியில் இருக்கு, விலைக்குப் போட்டிருக்கேன். கேட்கிறவங்க எல்லாரும் முதல்ல கேட்பது, 'கிரிப் ஏறுமா சார்?'