பெற்றோரின் நோய்க்கும் ஒரு பேரேடு வேண்டும்

விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி முடிக்கும் வியாபாரிக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் கடையை அடைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைப் படியேறி விடுவாரோ என்ற அச்சம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த நிலையில் வயதான தந்தையோ தாயோ நோயில் விழுந்தால் கடையில் இருப்பதா, ஆஸ்பத்திரியில் இருப்பதா என்ற கேள்வி எழுகிறது. நம் உறுப்பினர் குடும்பங்களில் இக்கேள்வி எழாத குடும்பமே இல்லை எனலாம்.

பணத்தைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று சிலர் எண்ணுகிறோம். ஆனால் நோயுற்ற முதியவருக்குப் பெரும்பாலும் குறைவாக இருப்பது பணம் அல்ல. அவர் நிலையை ஆதியோடந்தமாக அறிந்த ஓர் ஆள். கணக்கு எழுதுவதில் நமக்கு நிகர் யாருமில்லை. அந்தப் பழக்கத்தைப் பெற்றோரின் நோய்க்கும் கொண்டு செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடை அடைக்கும் வரை காத்திராதீர்கள்

வீட்டிலிருந்து தகவல் வந்ததும், "வியாபார நேரம், சாயங்காலம் பார்ப்போம்" என்று சொல்வது நம் இயல்பு. சில நோய்கள் சாயங்காலம் வரை காத்திருக்காது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொய்ந்து போதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதியும் இந்த ஊசியும் உள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

முதியவர்களுக்கு நோய் வரும் விதமும் வேறு. சிறுநீரில் கிருமி தொற்றினாலும் காய்ச்சல் இல்லாமல் போகலாம். திடீரென்று பேச்சு மாறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறுவதே முதல் அறிகுறியாக இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரக்கூடும். "வயசானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு நோட்டு போதும்

கடைக்குச் சிட்டையும் பேரேடும் இருப்பது போல, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் வயது, ரத்த வகை, ஒவ்வாத மருந்து, முன்பு நடந்த அறுவை சிகிச்சைகள். அடுத்த பக்கத்தில் தினமும் சாப்பிடும் மாத்திரைகள், அளவு, வேளை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மூட்டு வலிக்காகத் தாமே கடையில் வாங்கிப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் இதில் ஏற வேண்டும். வலி மாத்திரைகளால் சிறுநீரகம் கெடுவது உண்டு. சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளைத் தேதி போட்டு எழுதி வந்தால், புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கும் நிலைமை ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அண்ணன் தம்பிகள் பலர் இருந்தாலும் மருத்துவரிடம் பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டு, ஆளுக்கு ஒரு பதிலோடு வந்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். என்ன நோய், இந்தச் சிகிச்சையால் என்ன பலன், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கட்டிலருகே இருப்பவர்

மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இரவில் முதியவர் பிதற்றுவதும், டியூப்பைப் பிடுங்குவதும் உண்டு. இது பைத்தியம் அல்ல. நோய், மருந்து, தூக்கமின்மை, பழகாத இடம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் குழப்பம். அவருடைய மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது காக்கலாம். உணவை உட்கார வைத்தே ஊட்ட வேண்டும்; படுத்தபடி ஊட்டினால் நுரையீரலில் போய்விடும்.

இந்த வேலை முழுவதையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். இது நியாயமல்ல. கடைப் பையன்களுக்கு முறை வைப்பது போல வீட்டிலும் முறை வையுங்கள். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் இரண்டு மணி நேரம் கடைக்காரருடைய முறையாக இருக்கட்டும்.

செலவும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் எந்தத் திட்டம் செல்லும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தனியார் காப்பீடு எடுக்க 65 வயதோடு வாசல் மூடிய காலம் 2024-இல் முடிந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்திற்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

ரொக்கமாகவே புழங்கிப் பழகிய நமக்கு இன்னொரு செய்தி. ஒரே சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற 2017 ஏப்ரல் முதல் தடை உள்ளது. பிரித்துப் பிரித்துக் கட்டினாலும் விலக்கில்லை. பழைய வரி முறையில் கணக்குக் கொடுப்பவர்கள், காப்பீடு இல்லாத 60 வயது கடந்த பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த செலவு இதில் சேராது. ஆகவே காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடை அவர் பெயரில் இருந்தால்

பெரியவர் நினைவோடு இருக்கும்போதே சில காரியங்களை முடித்துவிட வேண்டும். கடைக் கணக்கில் வேறொருவருக்கும் கையெழுத்து அதிகாரம் இருக்கிறதா, வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். தனி உரிமையாளர் காலமானால் அவருடைய ஜி.எஸ்.டி. பதிவு பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. வாரிசு தன் பெயரில் புதுப் பதிவு எடுத்து, மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடம் வர வேண்டியது எவ்வளவு என்பது பல பெரியவர்களின் மனத்தில் மட்டுமே இருக்கும். அதை ஏட்டில் ஏற்றுங்கள். சொத்தைக் கேட்கிறான் என்று அவர் நினைத்துவிடாதபடி, மரியாதையோடும் பொறுமையோடும் கேட்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

வயதானவர்களின் மருத்துவம் தனிக் கலை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கி அதற்கு வழி வகுத்தவர் டாக்டர் வ.செ.நடராசன். இன்று கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும், தீராத நோயுற்றவர்களுக்கான வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேறு உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567.

எல்லாம் செய்தும் உடல் தளர்ந்துகொண்டே போகும் காலம் ஒன்று வரும். அப்போது இன்னும் எத்தனை ஊசி, எத்தனை டியூப் என்பதை மருத்துவரும் பிள்ளைகளும் மட்டும் முடிவு செய்தால் போதாது. "உங்களுக்கு எது வேண்டும்?" என்று அவரையே கேட்க வேண்டும். பலர் கேட்பது வீட்டுத் திண்ணையையும், பேரப்பிள்ளைகளையும், கடைக்கு வந்து உட்கார ஓர் ஒரு மணி நேரத்தையும்தான். முடிந்தவரை அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் நலம் விசாரிக்கும்போது அவர் முகத்தில் வரும் தெளிவை எந்த மருந்தும் தராது.

போன வியாபாரத்தை அடுத்த பண்டிகைக்குப் பிடித்துவிடலாம். போன நாளைப் பிடிக்க முடியாது. ஆகவே உறுப்பினர்கள் அனைவரும் இன்றிரவு கல்லாக் கணக்கு முடிந்த கையோடு, ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தாய் தந்தையரின் பெயரை எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.