வன்தட்டுகளுக்கிடையே தரவுப் படியெடுப்பு: கோப்புச் சிதைவைக் கண்டறியும் முறை

திறவுச்சொற்கள்: வன்தட்டு, கோப்புச் சிதைவு, சரிபார்ப்புக் குறி, சுவடிப் படிமம், குறியாக்கம்.

முன்னுரை

சுவடிப் படிமங்கள், களப்பணி ஒலிப்பதிவுகள், ஆய்வேட்டு வரைவுகள் ஆகியவற்றை ஒரு வன்தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுப்பது இன்று ஆய்வாளரின் அன்றாடப் பணியாகியுள்ளது. இக்கட்டுரையாளர் தம் ஆய்வுக்கெனத் திரட்டிய சுவடிப் படிமங்களைப் புதிய வன்தட்டுக்கு மாற்றியபோது, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் மூலத்தோடு ஒத்திருந்தன. ஆயினும் சில படிமங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவே தெரிந்தது. மூல ஏடு செல்லரித்துவிட்டால் அத்தகைய படிமத்தை மீண்டும் எடுக்க இயலாது. ஆதலின், சிதைவு எவ்விடத்தில் நேர்கிறது என்பதைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சிதைவும் குறியாக்கக் குழப்பமும்

பழைய தமிழ்க் கோப்பொன்று பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால், அதனை உடனே சிதைவு எனக் கொள்ளுதல் கூடாது. பாமினி எழுத்துருவிலோ திஸ்கி குறியாக்கத்திலோ தட்டச்சிட்ட உரை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாறே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றினால் உரை மீண்டும் கிடைக்கும். அவ்வாறே, 4 ஜிபி அளவை எட்டிய கோப்பை ஃபேட்32 வடிவமைப்புள்ள தட்டு ஏற்காமையும் சிதைவன்று. அது அவ்வடிவமைப்பின் வரம்பாகும்.

சரிபார்ப்புக் குறி

அளவு ஒத்திருப்பது உள்ளடக்கம் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை, கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு 64 பதினறும இலக்கங்களாலான குறியைத் தருகிறது. ஒரேயொரு பிட் மாறினும் குறி முற்றிலும் வேறாகும். விண்டோசில் செர்ட்யூட்டில், லினக்சில் எஸ்.எச்.ஏ.256சம் ஆகிய கட்டளைகள் இதனைக் கணக்கிடுகின்றன.

பழுதின் இடம் காணல்

1. மூலக் கோப்பின் குறியை இருமுறை கணக்கிடுதல் வேண்டும். இடையில் கணினியை மறுதொடக்கம் செய்யாவிடின், இரண்டாம் வாசிப்பு தட்டிலிருந்தன்றி நினைவகத்திலிருந்தே நிகழக்கூடும். இரு குறிகளும் வேறுபடின், பழுது மூலத்தட்டிலோ இணைப்பிலோ நினைவகத்திலோ உள்ளது.

2. மூலக்குறி நிலையாக இருந்து படியின் குறி மட்டும் வேறுபடின், கம்பியையும் இணைப்புத் துளையையும் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க வேண்டும். சாட்டா வன்தட்டுகளின் ஸ்மார்ட் அறிக்கையில் பொதுவாக 199ஆம் பண்பின் எண்ணிக்கை உயர்வது கம்பிப் பழுதையும், 5, 197ஆம் பண்புகளின் உயர்வு தட்டுப் பரப்பின் பழுதையும் சுட்டும்.

3. அதே தட்டுகள் வேறு கணினியில் பிழையின்றி இயங்கின், முதற்கணினியின் ரேம் ஐயத்திற்குரியது. படியெடுக்கப்படும் தரவு அதன் வழியே செல்கிறது. பெரும்பாலான தனிக்கணினிகளின் ரேமில் பிழைதிருத்தும் வசதி இல்லை. இதனை மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதிக்கலாம்.

4. எழுதும் பணி முடியுமுன் தட்டைப் பிடுங்குவதும் சிதைவுக்குக் காரணமாகும். முறைப்படி வெளியேற்றிய பின்னரே தட்டைக் கழற்ற வேண்டும்.

முடிவுரை

படியின் குறி மூலக்குறியோடு ஒத்தமை உறுதியாகும்வரை மூலத்தை அழித்தலும், பழுதுற்ற மூலத்தட்டில் சீரமைப்புக் கட்டளைகளை இயக்குதலும் தவிர்க்கத்தக்கன. சரிபார்ப்புக் குறி, படி மூலத்தோடு ஒத்துள்ளதா என்பதை மட்டுமே கூறும். மூலமே முன்னர்ச் சிதைந்திருந்தால் அதனைக் காட்டாது. எனவே, படிமம் எடுத்த அன்றே அதன் குறியைப் பதிந்து, வேறொரு தட்டிலும் காத்தல் வேண்டும். பாட வேறுபாட்டை ஓரெழுத்தளவிலும் ஒப்புநோக்கும் பதிப்பாய்வாளர், தம் மின்படிகளுக்கும் அதே ஒப்புநோக்கை மேற்கொள்வது இன்றியமையாதது.