கடல் கடக்குமுன்

யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நாடு. சுண்ணக்கற் பாறைமேற் படிந்த செம்மண்ணும், துலா மிதித்து இறைத்த கிணற்று நீருமே அதன் வேளாண்மைக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்தன. தந்தையின் காணி மக்களுக்குப் பங்கிடப்பட்டுத் தலைமுறைதோறும் சிறுத்தது. சீதனமாகவும் ஒரு பகுதி கைமாறியது. ஆதலின் இம்மக்கள் கல்வியையும், கல்வியின் வழியே கடல் கடந்த உத்தியோகத்தையும் நாடியதில் வியப்பில்லை. அவ்வாறு சென்றோர் முன்னாளில் எவ்வகை ஆயத்தம் செய்தனர், இந்நாளில் செல்வோர் எவ்வகை ஆயத்தம் செய்தல் வேண்டும் என்னும் இரண்டும் சேர்த்து எண்ணத் தக்கவை.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் 1816இல் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. பின்னர்ப் பிற கிறிஸ்தவ சபையாரும் சைவப் பெரியோரும் நிறுவிய பாடசாலைகளால் ஆங்கிலம் கற்ற இளைஞர் பெருகினர். இலங்கையில் அவர்கள் அனைவருக்கும் உத்தியோகம் இருக்கவில்லை. அதே காலத்தில் மலாயாவில் ஆங்கிலேயர் இருப்புப் பாதை போட்டனர். தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்த முதற் பாதை 1885இல் திறக்கப்பட்டது. ரயில்வே, நில அளவை, தபால், திறைசேரி ஆகிய பகுதிகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் அறிந்தோர் வேண்டியிருந்தனர். அந்தத் தேவை யாழ்ப்பாணத்தவரை அழைத்தது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் அக்குடியேற்றத்தின் சான்றாக இன்றும் விளங்குகின்றது.

அக்காலத்து இளைஞனின் பெட்டியில் வேட்டியும் சால்வையும் பனாட்டும் இருந்திருக்கலாம். ஆயினும் அவனது உண்மையான முதல் வேறு. முதலாவது, அவன் செல்லுமுன்னரே கற்ற மொழியும் பெற்ற பரீட்சைச் சான்றிதழும். இரண்டாவது, அங்கு அவனை ஏற்க ஆயத்தமாயிருந்த மாமனோ சிற்றப்பனோ ஊரவரோ. வேலை கிட்டும் வரை உண்ண உணவும் உறங்க இடமும் அவர்கள் கொடுத்தனர். மூன்றாவது, எந்த வேலைக்குச் செல்கிறான், அங்கு நிலைமை எத்தகையது என்று முன்னே சென்றோர் எழுதிய கடிதங்கள். மொழி, உறவு, செய்தி ஆகிய இம்மூன்றும் அமைந்தமையாலேயே அப்பயணம் பலருக்கும் பயன் தந்தது.

எனினும் ஒரு குறை இருந்தது. பல குடும்பங்கள் மலாயாப் பணம் ஒன்றையே நம்பின. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் கடிதமும் பணமும் தடைப்பட்டன. 1945 வரை, மகன் உயிரோடிருக்கிறானா என்பதையும் அறியாது வருந்திய தாய்மார் பலர். பிறநாட்டு வருவாய் எந்த வேளையிலும் நின்றுபோகக் கூடும் என்பது அந்தத் துன்பம் கற்பித்த பாடமாகும்.

இந்நாளில் வெளிநாட்டு வேலை என்பது பல வடிவம் கொண்டது. அவற்றுள் ஒன்று, ஓராண்டு ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே செலவுக்காக வேலையும் செய்வதற்கு இளைஞருக்கு வழங்கப்படும் விசா. அவுஸ்திரேலியா இதனை 1975இல் தொடங்கிற்று. இது எல்லா நாட்டவர்க்கும் உரியதன்று. உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளின் கடவுச்சீட்டு உடையோர்க்கே உரியது. மலேசியா அப்பட்டியலில் உண்டு. இந்தியா 2024இல் சேர்ந்தது. அந்நாட்டவருக்கு ஆண்டொன்றுக்கு 1000 இடங்கள், சீட்டுக் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. கோலாலம்பூருக்குச் சென்றவரின் பேரன் பெறக்கூடிய விசாவை, ஊரிலேயே தங்கியவரின் பேரன் பெற இயலாது. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இவ்விசாவை எடுத்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்டால், அப்பேச்சை அங்கேயே நிறுத்திவிடுதல் நன்று.

இவ்வெச்சரிக்கை வீணானதன்று. 2022 நவம்பரில் கனடாவை நோக்கிச் சென்ற இலங்கையர் 303 பேர் நடுக்கடலில் தத்தளித்து, கப்பலொன்றினால் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரையேற்றப்பட்டனர். இத்தகைய பயணத்திற்காகக் காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பணம் கொடுப்போர் உளர். பயணம் முறிந்தபின்பும் கடன் முறிவதில்லை. வட்டி நாள்தோறும் வளர்கின்றது.

ஆகவே புறப்பட எண்ணுவோர் ஓராண்டையேனும் ஆயத்தத்திற்கு ஒதுக்குதல் வேண்டும். முதற்கண், செல்லும் நாட்டின் மொழியைப் பேசவும் படிக்கவும் பழக வேண்டும். கைத்தொழில் அறிந்தவர் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளல் நலம். அனுபவம் எவ்வளவு இருப்பினும் கடிதாசி இல்லாதவனை அயலார் அறியார்.

அடுத்து, முகவரை ஆராய வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே முகவர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. அனுமதி இன்றும் செல்லுபடியாகின்றதா, விளம்பரத்திலுள்ள வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று பணியகத்திலேயே விசாரித்தறியலாம். தொழிலுக்காகச் செல்வோர் புறப்படுமுன் அங்கே பதிவு செய்துகொள்ளலும் கடமையாகும். சுற்றுலா விசாவிற் சென்று அங்கே வேலை பெற்றுக்கொள்ளலாம் என்பது ஆபத்தான ஆலோசனை. அவ்வாறு சென்றவர் சம்பளம் மறுக்கப்பட்டாலும், சட்டத்தை மீறியவர் என்ற அச்சத்தால் முறையிடத் துணியார்.

ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், மருத்துவம், திரும்பும் பயணச் செலவு ஆகியவற்றை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிட வேண்டும். விளங்காத மொழியில் இருந்தால் விளங்கியவரைக் கொண்டு வாசிப்பித்தல் வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள் வீட்டிலும் இருத்தல் அவசியம். மூலக் கடவுச்சீட்டைப் பிறர் கையில் விட்டுவைத்தல் தகாது.

இறுதியாக, வீட்டிலுள்ளோரும் ஆயத்தமாதல் வேண்டும். பணம் வங்கி வழியே வருதல் நன்று. உண்டியல் முறையில் இடர் நேர்ந்தால் முறையிட இடமில்லை. வரும் பணத்தில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு செலவுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று புறப்படுமுன்னரே கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளையும் கூடியிருந்து பேசிக்கொள்ள வேண்டும். பணம் ஆறு மாதம் வாராவிடினும் அடுப்பு எரியுமா என்று அப்போது கேட்டுப் பார்த்தல் வேண்டும். இதற்கு விடையில்லையாயின், பயணத்தைச் சிறிது பின்போடுவதே அறிவுடைமையாகும்.