கேமரன் மலைத் தேயிலைக்கு ஏன் தனி மணம்?

மலேசியாவின் கேமரன் மலையில் விடிந்து வெகுநேரமாகியும் கொழுந்தின் மேல் பனி ஈரம் காய்வதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கேதான் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சமவெளி புழுங்கும்போது மலை மட்டும் ஏன் குளிர்கிறது?

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். 1,500 மீட்டருக்கு 9 டிகிரி!

குளிரில் துளிர் நிதானமாக விரிவதால் மணப்பொருள்கள் சேர அவகாசம் கிடைக்கிறது. வேரில் உருவாகும் தியானின் என்ற அமினோ அமிலம் இலைக்கு ஏறுகிறது. தேநீரின் இதமான சுவைக்கு அதுவும் காரணம். வெயில் பட்டால் அது துவர்ப்பு தரும் கேட்டகின்களாக மாறத் தொடங்கும். மூடுபனி வெயிலைத் தணித்தால் அந்த மாற்றமும் மட்டுப்படும்.

மண்ணிலும் அமிலத்தன்மை வேண்டும். பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் தேயிலை செழிக்கும். சுண்ணாம்பு மிகுந்தால் இலை வெளிறிவிடும்.